எருவுக்குள் கையை விட்டுப் பாருங்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் உருளைக்கிழங்கைப் பற்றித்தான். ஊட்டிப் பக்கம் ஒரு கிராமத்தில் கிழங்குக் காட்டிலேயே பிறந்து வளர்ந்தவள் நான். பிறகு தோட்டக்கலைக் களப்பணியில் 28 வருடம் இதே மலைகளில் ஏறி இறங்கியிருக்கிறேன். அதனால் மற்றப் பயிர்களை அடுத்த இதழுக்கு வைத்துவிட்டு, இந்த முறை கிழங்கை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: அக்கா, எங்களுக்குக் கோத்தகிரி பக்கம் அரை ஏக்கர். கார்போகத்துக்குக் குப்ரி ஜோதி ரக உருளை போட்டோம். மண் பரிசோதனையில் புளிப்பு மண் என்று வந்ததால் நடவுக்கு முன்பு சுண்ணாம்பு தூவினோம். நடவுக்கு முந்தின வாரம் நான்கு பிக்கப் சாணமும் இறக்கிப் போட்டோம். தோண்டினால் கிழங்கெல்லாம் சொறி. மேட்டுப்பாளையம் மண்டியில் மூட்டையை அவிழ்த்ததுமே விலையைக் குறைத்துவிட்டார்கள். எரு போட்டால் மண்ணில் இருக்கிற நோய் குறையும் என்றுதானே எல்லோரும் சொல்கிறார்கள்?

பதில்: தங்கச்சி, உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு எங்கள் அப்பாவின் காடுதான் ஞாபகம் வந்தது. அப்பா சாலில் விதைக்கிழங்கை வைத்துக்கொண்டே போவார். பின்னாலேயே அம்மா கூடையிலிருந்து ஒரு கை சாணம் அள்ளிப் போட்டுக்கொண்டு வருவார். தொழுவத்திலிருந்து நேராக வந்த சாணம் அது, ஆவி கூட அடங்கியிருக்காது. ஒரு வருடம் அறுவடையில் களைக்கொத்தால் நான் ஒரு செடியைப் புரட்டினேன். சாணக்கட்டி ஒன்று மக்காமல் அப்படியே இருந்தது, அதில் ஒட்டியபடி ஒரு கிழங்கு. சாணம் பட்ட பக்கம் தவளை முதுகு மாதிரி சொரசொரப்பு. மறுபக்கம் வழுவழுவென்று தோல் மின்னியது. ஒரே கிழங்கு! அப்போது எனக்குக் காரணம் தெரியாது. ஆனால் அந்தக் கிழங்கை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை.

சொறிக்குக் காரணம் ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற நுண்ணுயிர். முதல் மழைக்கு மண் மணக்கிறதே, அந்த மணத்தைக் கொடுக்கிற கூட்டம்தான் இதுவும். அந்தக் கூட்டத்தில் பெரும்பாலானவை நமக்கு நண்பர்கள், சில மட்டும் கிழங்குத் தோலைக் கெடுக்கின்றன. இதற்கு மூன்று விஷயங்கள் பிடிக்கும். புளிப்புக் குறைந்த மண், காய்ந்த மண், மக்காத சாணம். நீங்கள் அறியாமலே மூன்றையும் சேர்த்துக் கொடுத்துவிட்டீர்கள்.

முதலில் சுண்ணாம்பு. மண்ணின் பி.எச்., அதாவது புளிப்பைக் காட்டும் எண் (குறையக் குறையப் புளிப்பு அதிகம்), 5.2-க்குக் கீழே இருக்கும்வரை சொறி பெரும்பாலும் அடங்கியே கிடக்கும். நம் மலை மண்ணுக்கு இயற்கையாகவே அந்தப் புளிப்பு இருக்கிறது, உருளையும் அதைத் தாங்கிக்கொள்ளும். சுண்ணாம்பு போட்டதும் அந்தக் காவல் போய்விடுகிறது. அதற்காகச் சுண்ணாம்பே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன், மற்றக் காய்கறிகளுக்கு அது தேவை. உருளை எடுத்த பிறகு முட்டைக்கோஸ் போடுகிறீர்கள் அல்லவா, அதற்குப் போடுங்கள். கோஸ் வேரில் வரும் கழலை நோய்க்குப் புளிப்பு மண்தான் பிடிக்கும், சுண்ணாம்பு அதை அடக்கும். நம் மழையில் மண் மெல்ல மெல்லத் திரும்பவும் புளிப்பாகும், மறுபடி உருளை வைக்கும்போது சரியாக இருக்கும். அடுப்புச் சாம்பலும் சுண்ணாம்பு மாதிரிதான் வேலை செய்யும். உருளைக் காட்டில் கொட்டாதீர்கள்.

அடுத்து ஈரம். கிழங்கு பட்டாணி அளவில் கட்டத் தொடங்கும்போது அதன் தோலில் உள்ள காற்றுத்துளைகள் திறந்திருக்கும். நோய் அந்த வழியாகத்தான் நுழைகிறது. நடவிலிருந்து ஐந்தாறு வாரம் கழித்து அந்தப் பருவம் வரும். அப்போதிலிருந்து ஒரு மாதம், முடிந்தால் ஆறு வாரம், பார் உள்ளே காயவே கூடாது. இந்த வருடம் மே மாதம் மழை ஏமாற்றிவிட்டது என்றும் எழுதியிருக்கிறீர்கள். தண்ணீர் இருந்தால் அந்த நாட்களுக்கென்றே சேமித்து வையுங்கள்.

இனி சாணம். நன்றாக மக்கிய எருவில் நுண்ணுயிர்கள் கோடிக்கணக்கில் குடியேறியிருக்கும். சுலபமாகத் தின்னக்கூடியதையெல்லாம் தின்று தீர்த்துவிட்டு, மிச்சம் இருப்பதற்கு ஒன்றோடொன்று போட்டி போட்டுக்கொண்டிருக்கும். அந்தக் கூட்டத்துக்குள் நோய்க்கிருமிக்கு இடமும் இல்லை, இரையும் இல்லை. பச்சைச் சாணத்தில் நிலைமை நேர்மாறு. இரை கொட்டிக் கிடக்கும், காவலுக்கு ஆள் இருக்காது. எல்லோரும் சொல்வது தப்பில்லை தங்கச்சி. ஆனால் அவர்கள் சொன்னது மக்கிய எருவை, நீங்கள் போட்டது சாணத்தை.

நம் குளிரில் எரு மக்குவது மெதுவாகத்தான். குழியில் கொட்டி வைத்தால் மழைநீர் இறங்கி, காற்றில்லாமல் உள்ளே அழுகும். மேட்டில் குவியலாகப் போடுங்கள். 5 அடி அகலம், 4 அடி உயரம் இருந்தால்தான் உள்ளே சூடு பிடிக்கும், நீளம் உங்கள் வசதி. ஒரு அடுக்கு சாணம், ஒரு அடுக்கு பீன்ஸ் கொடி, காய்ந்த புல், கேரட் தழை என்று மாற்றி மாற்றிப் போடவேண்டும். சாணம் மட்டும் என்றால் கட்டிவிடும். காய்ந்த பொருள் இருந்தால்தான் நடுவில் காற்று போகும். பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு விழுகிற ஈரம் போதும். மேலே தார்ப்பாய் அவசியம், தென்மேற்கு மழையில் நனைந்த குவியல் சூடே ஏறாது.

நான்காம் நாள் ஒரு இரும்புக் கம்பியைக் குவியலின் நடுவரை குத்தி, பத்து நிமிடம் கழித்து உருவுங்கள். கையில் பிடிக்க முடியாமல் சுட வேண்டும். வெப்பமானி கிடைத்தால் இன்னும் நல்லது, 55 டிகிரி காட்ட வேண்டும். அந்தச் சூட்டைத் தாண்டிப் பெரும்பாலான நோய்க்கிருமிகளும் களை விதைகளும் பிழைப்பதில்லை. வெளிப்பக்கம் இருப்பது சூடாகாது. அதனால் வெளியே இருப்பதை உள்ளே தள்ளி, உள்ளே இருப்பதை வெளியே இழுத்துப் புரட்ட வேண்டும். அந்தச் சூடு 15 நாள் இருக்க, அதற்குள் ஐந்து முறை புரட்டுவது என்பது ஒரு நல்ல கணக்கு. வேலைதான், ஆள் கூலியும் ஆகும், எனக்குத் தெரியும். ஆனால் மண்டியில் குறைத்த விலையையும் கணக்கில் சேர்த்துப் பாருங்கள்.

சூடு இறங்கியதும் எரு தயார் என்று நினைக்காதீர்கள். இன்னும் மூன்று மாதமாவது ஆறப் போடுங்கள். பிறகு முழங்கை வரை கையை உள்ளே விட்டுப் பாருங்கள். குளுகுளுவென்று மண் மாதிரி இருக்க வேண்டும். எடுத்து முகர்ந்தால் மாட்டுத் தொழுவம் வீசக் கூடாது, கண்ணை எரிக்கக் கூடாது, சோலைக்குள் இலைச்சருகைக் கிளறினால் வருமே, அந்த வாசம் வர வேண்டும். சந்தேகமாக இருந்தால் ஒரு தட்டில் அந்த எருவையும் மண்ணையும் பாதிப்பாதி கலந்து பத்து முள்ளங்கி விதை போடுங்கள். எட்டு ஒன்பது முளைத்து, வேர் வெள்ளையாக ஓடினால் தாராளமாகப் போடலாம்.

அரை ஏக்கருக்கு 3 டன் மக்கிய எரு போதும். கடைசியாக ஒன்று. கேரட், பீட்ரூட், முள்ளங்கி எல்லாவற்றிலுமே சொறி தங்கும். நாம் பயிர் மாற்றுகிறோம் என்று உருளைக்குப் பின் கேரட்டும் பீட்ரூட்டும் போட்டால் அந்த நோய்க்கு அது மாற்றமே இல்லை. நடுவில் கோஸோ பூண்டோ ஒரு பருவம் வரட்டும்.

கேள்வி: கொடைக்கானல் மேல்மலையிலிருந்து எழுதுகிறேன். கிழங்கைக் கழுவினாலும் போகாத கறுப்புப் பொட்டு ஒட்டியிருக்கிறது, மண் மாதிரியே தெரிகிறது. முளையும் பாதி மண்ணுக்குள்ளேயே கருகிப்போகிறது. டிரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூஞ்சையை வாங்கிப் புதுச் சாணத்தில் கலந்து போட்டேன், பலன் இல்லை. மருந்து போலியா?

பதில்: மருந்தைக் குறை சொல்லும் முன் நீங்கள் கலந்த சாணத்தைப் பார்ப்போம் தம்பி. அந்தக் கறுப்புப் பொட்டு ரைசோக்டோனியா என்ற பூஞ்சை உறங்குவதற்காகக் கட்டிக்கொண்ட கூடு. நகத்தால் சுரண்டினால் வரும், அடியில் தோல் நன்றாகவே இருக்கும். சாப்பிடக் கெடுதல் இல்லை. அதையே விதையாக வைத்தால்தான் முளையைத் தின்னும்.

அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தில் ஹாய்டிங்க் என்ற பேராசிரியர் மக்கிய மரப்பட்டையும் எருவும் வேர் நோய்களை எப்படி அடக்குகின்றன என்று பல ஆண்டுகள் ஆராய்ந்தார். அவர் கண்டதில் உங்களுக்கு வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. ரைசோக்டோனியா செத்த தழையிலும் பச்சை எருவிலும் தானே வாழத் தெரிந்த பூஞ்சை, செடிக்காகக் காத்திருக்காது. டிரைக்கோடெர்மா அதைச் சுற்றி வளைத்துத் தின்னக்கூடியது. ஆனால் சுற்றிலும் சுலபமான இரை நிறைந்திருந்தால் அது வேட்டைக்கே போவதில்லை. எரு மக்கி இரை குறைந்த பிறகுதான் பகைவனைத் தேடிப் போகும். நீங்கள் புதுச் சாணத்தில் கலந்தபோது இரண்டுக்கும் சேர்த்து விருந்து வைத்துவிட்டீர்கள்.

அடுத்த முறை, நன்றாக ஆறிய மக்கிய எரு 20 கிலோவில் ஒரு கிலோ டிரைக்கோடெர்மாவைக் கலந்து, லேசாக ஈரம் தெளித்து, நிழலில் குவித்து, ஈரச் சாக்கால் மூடி வையுங்கள். ஒரு வாரம் பத்து நாளில் பச்சைப் பூசணம் படர்ந்திருக்கும். அதுதான் ஒரு ஏக்கருக்குரிய அளவு. சாலில் விதைக்கிழங்கைச் சுற்றி விழும்படி போடுங்கள், காடு முழுக்க வீசினால் வீண். சூடாக இருக்கிற குவியலில் கலந்தால் அது வெந்து செத்துவிடும்.

விதைக்கிழங்கைப் பொறுக்கி எடுப்பதும் அதே அளவு முக்கியம். பொட்டு நிறைய இருப்பதைச் சமையலுக்கு ஒதுக்குங்கள். லேசாக இருப்பதை 3 சதவீத போரிக் அமிலக் கரைசலில், அதாவது 10 லிட்டருக்கு 300 கிராம், அரை மணி நேரம் ஊறவைத்து நிழலில் உலர்த்திச் சேமியுங்கள். அப்படி ஊறவைத்த கிழங்கை வீட்டில் யாரும் சமைத்துவிடாமல் மூட்டையில் அடையாளம் வையுங்கள். தழை காய்ந்த பிறகு விலை ஏறட்டும் என்று கிழங்கை மண்ணிலேயே விட்டு வைக்கும் பழக்கம் மேல்மலையில் உண்டு. அந்த நாட்களில்தான் பொட்டு அதிகமாகக் கட்டும். தோல் முற்றியதும் எடுத்துவிடுங்கள்.

கேள்வி: அழுகல் கிழங்கையும் கழிவையும் மாட்டுக்குப் போடுகிறோம். சாணமாகத்தானே திரும்பி வருகிறது, நல்லதுதானே?

பதில்: நல்லதில்லை அம்மா. சொறிக் கிருமி மாட்டின் வயிற்றைக் கடந்தும் உயிரோடு சாணத்தில் வரும். மாவுச்சொறி என்று இன்னொன்று இருக்கிறது, அதன் வித்துகளும் அப்படியே. போடத்தான் வேண்டும் என்றால் வேகவைத்துப் போடுங்கள். பச்சை நிறம் ஏறியதும் முளைவிட்டதும் வேகவைத்தாலும் வேண்டாம், அந்த நஞ்சு வேக்காட்டில் போகாது.

கேள்வி: வெளிநாட்டில் பன்றி எருவை ஊற்றியே உருளையின் மண் நோயை ஒழித்ததாகப் படித்தேன். நமக்கு நாமக்கல் பக்கமிருந்து கோழி எரு லாரியில் வருகிறது. அதையே அதிகமாகப் போட்டால் அந்தப் பலன் கிடைக்காதா?

பதில்: நீங்கள் படித்தது கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் லாசரோவிட்ஸ், கான் என்ற இரண்டு அறிஞர்கள் செய்த ஆய்வாக இருக்கும். உருளைக் காட்டில் பன்றிப் பண்ணைக் கழிவுநீர் விட்டபோது வாடல் பூஞ்சையும் சொறியும் குறைந்தன. ஏன் என்று அவர்கள் விடாமல் தேடினார்கள். அந்தக் கழிவுநீரில் காடி போன்ற அமிலங்கள் இருக்கின்றன, புளிப்பு மண்ணில் அவை பூஞ்சையின் உறங்கும் கூட்டுக்குள் புகுந்து கொல்கின்றன. தழைச்சத்து மிகுந்த எருவிலிருந்து வரும் அம்மோனியாவும் கொல்லும், ஆனால் அதற்கு மண் காரமாக வேண்டும். ஆக, ஒரே எரு ஒரு காட்டில் நோயைக் குறைத்தது, இன்னொரு காட்டில் ஒன்றும் செய்யவில்லை. அந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்ததே அவர்கள் இதை மறைக்காமல் சொன்னதுதான்.

நம் மலைக்கு நான் இதைச் சொல்லமாட்டேன். சரிவில் அவ்வளவு எரு போட்டால் முதல் மழைக்கே ஓடைக்குப் போகும். கீழே இருப்பவர்கள் குடிக்கிற தண்ணீர் அது. கோழி எருவில் இன்னொரு சங்கதி. முட்டைக் கோழிக்கு ஓடு கெட்டியாக வர வேண்டும் என்று தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து நிறையச் சேர்க்கிறார்கள். மிச்சம் எருவில் வருகிறது. மூட்டை மூட்டையாகப் போட்டால் சுண்ணாம்பு போட்டதற்குச் சமம், சொறி வரும். தழைச்சத்து மிஞ்சினால் செடி அடர்ந்து, பனிக்காலத்தில் கருகல் நோய்க்கும் வசதி. கோழி எருவை மாட்டு எருக் குவியலில் ஒரு பங்காகச் சேர்த்து, காய்ந்த தழை அதிகம் போட்டு மக்கவையுங்கள். சூடு பிடிக்க அது அருமையான சரக்கு.

கேள்வி: உதகைக்குப் பக்கம் எங்கள் காட்டில் நூற்புழு இருக்கிறது என்கிறார்கள். எருவால் போகுமா?

பதில்: முழுதாகப் போகாது, குறையும். 1961-ல் ஜோன்ஸ் என்ற ஆங்கிலேய அறிஞர் இந்தியாவிலேயே முதன்முதலாக இந்த முட்டைக்கூட்டு நூற்புழுவைக் கண்டது நம் ஊட்டியில்தான். பூக்கும் நேரத்தில் ஒரு செடியை மெதுவாகப் பிடுங்கி, வேரைத் தண்ணீரில் அலசி வெயிலில் பிடித்துப் பாருங்கள். குண்டூசித் தலையைவிடச் சின்னதாக வெள்ளையும் பொன் நிறமுமாக மணிகள் ஒட்டியிருந்தால் அதேதான். ஒவ்வொரு மணிக்குள்ளும் நூற்றுக்கணக்கில் முட்டை. உருளை வேரின் வாசனை வரும்வரை இருபது வருடம்கூடக் காத்திருக்கும்.

மக்கிய எருவில் வளரும் சில பூஞ்சைகள் அந்த முட்டைகளைத் தின்னும். வேப்பம்புண்ணாக்கும் உதவும். கடுகு விதைத்துப் பூக்கும்போதே துண்டு துண்டாக நறுக்கி உடனே மண்ணில் மடக்கி உழுதால், கண்ணைக் கரிக்கிற அந்தக் காரம் புழுவையும் வாட்டும். ஆனால் இதையெல்லாம்விட ரகம் முக்கியம். ஊட்டிக்குப் பக்கம் முத்தோரையில் இருக்கிற உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையத்தில் கேளுங்கள். 1985-ல் வந்த குப்ரி சுவர்ணாவும் அதற்குப் பின் வந்த குப்ரி சஹ்யாத்ரியும் இந்தப் புழுவைத் தாங்கும். மூன்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை மட்டும் உருளை வையுங்கள். பக்கத்துக் காட்டு மண் ஒட்டிய சாக்கு, களைக்கொத்து, செருப்பு எதுவும் எருக்குவியல் பக்கம் வர வேண்டாம். நீலகிரிக் கிழங்கு விதைக்காக வெளியே போகக் கூடாது என்று தடை வந்ததே இந்தப் புழுவால்தான்.

கேள்வி: தாளவாடியில் ஒன்றரை ஏக்கர் உருளை. நீங்கள் முன்பு எழுதியபடி மக்கிய எரு, டிரைக்கோடெர்மா, சூடோமோனாஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியா எல்லாம் போட்டேன். ஆனாலும் செடி பச்சையாகவே தொங்கிவிடுகிறது. காலையில் நிமிர்கிறது, மதியம் வாடுகிறது, நான்கைந்து நாளில் சாகிறது. எருவில் நம்பிக்கையே போய்விட்டது.

பதில்: உங்கள் வருத்தம் புரிகிறது ஐயா. எரு எதைத் தடுக்காது என்பதையும் அப்போதே நான் தெளிவாக எழுதியிருக்க வேண்டும். இன்றைக்கே ஒரு வேலை செய்யுங்கள். வாடின செடியின் தண்டை அடியில் நறுக்கி, ஒரு விரல் நீளத் துண்டை எடுங்கள். கண்ணாடித் தம்ளரில் தெளிந்த தண்ணீர் வைத்து, தண்டின் நுனி மட்டும் தண்ணீரில் படும்படி அசையாமல் பிடியுங்கள். சில நிமிடத்தில் நறுக்கிய இடத்திலிருந்து பால் நூல் மாதிரி வெள்ளையாக இறங்கினால் அது ரால்ஸ்டோனியா, பாக்டீரியா வாடல். கிழங்கை இரண்டாக வெட்டி அழுத்தினாலும் பழுப்பு வளையத்திலிருந்து சீழ் போலக் கசியும்.

இது செடிக்குள் தண்ணீர் ஏறும் குழாயிலேயே குடியிருப்பது. வெளியே மண்ணில் நிற்கும் காவல் அங்கே எட்டாது. நல்ல எரு போட்ட மண்ணில் இது கொஞ்சம் மெதுவாகப் பரவலாம், அவ்வளவுதான். தெளிக்கிற மருந்தும் இதற்குக் கிடையாது. பெரும்பாலும் விதைக்கிழங்கிலேதான் வந்திருக்கும், வெட்டி நட்டிருந்தால் கத்தி மூலமாக ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போயிருக்கும். அடுத்த முறை முட்டை அளவுக் கிழங்கை முழுதாக நடுங்கள்.

இந்தக் காட்டில் இரண்டு மூன்று வருடம் ராகி, மக்காச்சோளம் போடுங்கள். தக்காளி, கத்தரி, மிளகாய் கூடவே கூடாது, அவை உருளைக்குச் சொந்தக்காரர்கள், நோயைக் காப்பாற்றி வைக்கும். தானாக முளைக்கிற உருளைச் செடியைப் பார்த்த இடத்தில் பிடுங்குங்கள். மறுபடி உருளை நடும்போது ஏக்கருக்கு 5 கிலோ பிளீச்சிங் பவுடரைக் காய்ந்த மண்ணில் கலந்து சாலில் தூவலாம். யூரியாவோடு கலக்காதீர்கள், ஆபத்து. அந்தச் சாலில் டிரைக்கோடெர்மாவும் சூடோமோனாஸும் போட்டால் அவையும் செத்துவிடும், அந்தப் பருவம் இரண்டில் ஒன்றுதான்.

இப்போது நிற்கிற பயிரில் வாடின செடிகளைக் கிழங்கோடும், சுற்றி ஒரு அடி மண்ணோடும் சாக்கில் அள்ளிக் காட்டுக்கு வெளியே கொண்டுபோய்க் காயவைத்து எரியுங்கள். அந்தப் பள்ளத்தின் வழியாகத் தண்ணீர் அடுத்த பாருக்கு ஓடாமல் மண்ணை அணைத்து விடுங்கள். ஒரு செடியைக்கூட எருக்குவியலில் போடாதீர்கள். குவியலின் ஓரத்தில் சூடு ஏறாத ஒரு துண்டுத் தண்டு போதும், அடுத்த வருடம் உங்கள் கையாலேயே காடு முழுக்கப் பரப்புவீர்கள். தம்ளரில் என்ன பார்த்தீர்கள் என்று எழுதுங்கள் ஐயா, பால் நூல் இறங்கவில்லை என்றால் நாம் வேறு இடத்தில் தேட வேண்டும்.